அணைக்க வேண்டாம்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடக்கைப் பக்கம் திரும்பினால் வருகிற தொலைபேசி ஊழியர் காலனியில், யாரும் யாரையும் அணைக்க முடியாமல் போன காலம் ஒன்று இருந்தது. அது வந்த விதத்தையும் அந்தக் காலனி அதோடு கூடி வாழ்ந்த விதத்தையும் சொல்கிறேன், கேளுங்கள். வந்ததை அவர்கள் கண்டுபிடிக்கவே வெகுகாலம் பிடித்தது. ஏனென்றால் அதற்கு முன்பும் அந்தக் காலனியில் யாரும் யாரையும் அணைத்ததில்லை.

ஊருக்குப் போகிற மகனைத் தலையில் தட்டி அனுப்புவார்கள், வருகிற மகளை ‘சாப்ட்டியா’ என்று கேட்டு உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான், அதற்குமேல் பாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் இன்னொரு தோசை வைப்பார்கள். அப்படிப்பட்ட காலனியில் இந்தத் தடை வந்தபோது அதிகம் அடிபட்டவர் பூவரசன்தான். அவருக்கு ஒரே ஒருத்தியை, ஒரே ஒரு தடவை, அவள் கடல் தாண்டிப் போவதற்குள் அணைத்துவிட வேண்டும் என்று ஆசை இருந்தது. அவள் அவருடைய மகள் இளவெயினி.

பூவரசன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் புஷ்பராஜ், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தமிழ்மேல் வந்த காதலில் தன் பெயரைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு, அன்றிலிருந்து பிறமொழிச் சொல் ஒன்றும் கொச்சைச் சொல் ஒன்றும் வாயிலிருந்து நழுவாமல், மேடையில் நிற்கிறவர் போலவே கிணற்றடியிலும் பேசி, கீரைக்காரியிடம் “இக்கட்டின் விலை யாது?” என்று கேட்டு அவளை ஓடவைத்து, மகளுக்கும் யாரும் வைக்காத பழந்தமிழ்ப் பெயர் தேடி வைத்தவர். காலனி அவளை வெய்னி ஆக்கிக்கொண்டது. மனைவியின் பெயரை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.

“ராஜாத்தி வேண்டாம், அரசி என்று மாற்றிக்கொள்” என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார்.

“அரசியா? நீங்க கூப்பிடுத ஒவ்வொரு தடவையும் ரேஷன் கார்டைத் தூக்கிக்கிட்டு வரணுமாக்கும்” என்று சொல்லிவிட்டாள் ராஜாத்தி.

தொழிற்சங்கம் வழியாகக் காலனியின் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கணினி வந்தபோது, வீடுவீடாகப் போய் அதையெல்லாம் தமிழில் பேசவைத்தவர் பூவரசன்தான். ஸ்டார்ட் பொத்தான் தொடங்கு ஆயிற்று, திரையிலிருந்த குப்பைக்கூடை மறுசுழற்சித் தொட்டி ஆயிற்று. இதை எடுக்க நகராட்சி வண்டி என்றைக்கு வரும் என்று மூன்றாம் வீட்டு மைதீன் பிச்சை வந்து கேட்டுவிட்டுப் போனார். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது திரை நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்றி, அடியில் இப்படி ஒரு வரி நிற்கும்: ‘புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம்.’

முதலில் புதுப்பிப்பு என்பது கும்பாபிஷேகம் போல, எப்போதோ வரும், வந்தால் ஊரே பேசும், பிறகு மறந்துபோகும். பிறகு அது கோயில் கொடை போல வருஷத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு பள்ளிக்கூடப் பரீட்சை போல வருஷத்துக்கு இரண்டாயிற்று, பிறகு சமையல் கேஸ் போல மாதாமாதம், பிறகு எண்ணெய்க் குளியல் போல வாராவாரம் என்று, யாரோ துரத்துகிற மாதிரி ஓடிவரத் தொடங்கியது. வந்து என்ன செய்தது என்று கேட்டால், இடது மூலையிலிருந்த பொத்தானைக் கொண்டுபோய் நடுவில் உட்காரவைத்தது, கட்டங்களின் கூர்முனைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியது, வெளியே வெயில் அடிக்கிறது என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சொன்னது. “அடுப்பை நான் வச்ச இடத்துலயே விடமாட்டேங்கானே இவன்” என்று ராஜாத்தி சலித்துக்கொண்டாள்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் எதிர்வீட்டுச் சொர்ணத்தம்மாவின் மகன் முத்துக்குட்டி பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வந்தான். வடக்கே கூட இருந்தவர்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், ஆட்டோவைவிட்டு இறங்கியதும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து ஓடினான். ஓடியவன் அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டான். கைகள் வளைந்தன, ஆனால் மூடவில்லை.

“என்னம்மா, நடுவுல என்ன வச்சிருக்க?”

“நான் என்னத்தல வச்சிருக்கேன்? நல்லா வால.”

அவன் பின்னால் போய்ப் பந்து வீசுகிறவன் போல மறுபடி ஓடிவந்தான். அதே இடத்தில் நின்றான். காலனி கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் இடையில் கைவிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை, ஒரு கோழிகூட இடையில் புகுந்து போயிற்று. சங்கச் செயலாளர் தேவசகாயம் தன் தம்பியை அணைத்துப் பார்க்கப் போய் அவரும் ஒரு சாணில் நின்றார்.

அப்போதுதான் ராஜாத்தி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். “எங்க வீட்டுப் பொட்டியில விடிஞ்சதுல இருந்து ‘அணைக்க வேண்டாம்’னு ஓடுது. உங்க வீட்டுலயும் ஓடுதா?”

“ஓடுது.”

“பொறவென்ன? வேண்டாம்னு எழுதிப் போட்டிருக்கையில அணைக்கப் போனா முடியுமா?”

அது நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு சொல்லுக்கு விளக்கை நிறுத்துவது என்று ஒரு பொருளும் மார்போடு சேர்ப்பது என்று ஒரு பொருளும் இருந்தால் கருவி பாவம் எதைக் காக்கும், எதை விடும். இரண்டையும் சேர்த்தே காவல் காத்தது. தேவசகாயம் போய்த் தன் வீட்டுக் கணினியின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். வயர் கையில் இருந்தது, வட்டம் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு மணிச்சத்தம் கேட்க, புதுப்பிப்பு முடிய, சாய்ந்து முட்டிக்கொண்டிருந்த முத்துக்குட்டி தடுப்பில்லாமல் அம்மாமேல் போய் விழ, இரண்டு பேரும் மல்லிகைச் செடிக்குள் கிடந்தார்கள். சொர்ணத்தம்மா எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம் போட்டார்கள். “எல்லாத்தையும் இங்கிலீசுக்கு மாத்திருவோம், பிரச்சினை தீந்துரும்” என்றார் தேவசகாயம்.

பூவரசன் எழுந்தார். “தாய்மொழியைக் கைவிட்டுத்தான் தாயை அணைக்க வேண்டுமென்றால், அந்த அணைப்பு எவ்வகையில் அணைப்பாகும்?”

கைத்தட்டல் விழுந்தது. ஆனால் தீர்மானத்தை முடித்துவைத்தது அவர் பேச்சு இல்லை, சொர்ணத்தம்மாதான். “அண்ணாச்சி பேசுனது எனக்கு வெளங்கல. நான் சொல்லுதேன். அன்னைக்குத் தடை இல்லேன்னா எம்மவன் வந்து அணைச்சிருப்பான், நானும் ‘சீ போல, வேர்வை’ன்னு தள்ளிவிட்டிருப்பேன். முட்டிக்கிட்டு நின்ன பொறவுதான அதோட ருசியே தெரியுது? இருக்கட்டும், மாத்தாதிய.”

மாற்றவில்லை. காலனி வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். பூவரசனின் அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் ‘இன்று அணைப்பு இல்லை’, மறுபக்கம் ‘அணைப்பு உண்டு’. புதுப்பிப்பு முடிகிற மணிச்சத்தம் கேட்டதும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் திருப்பிவைக்க வேண்டும்.

பிறகு நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தடை இல்லாத காலத்தில் ஒருவரையொருவர் தொடாதவர்கள், தடை வந்தபின் இடைவெளிக்குக் காத்துக்கிடந்தார்கள். பலகை திரும்பியதும் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து அக்காளைத் தங்கை அணைத்தாள், மாமியாரை மருமகள் அணைத்தாள், கேஸ் கொண்டுவந்தவரை உருளையை இறக்கவிடாமல் மூன்று பேர் அணைத்தார்கள், சாக்கடைத் தண்ணீருக்காக வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த தேவசகாயமும் அடுத்த வீட்டுக்காரரும் அவசரத்தில் ஆள் தெரியாமல் அணைத்துக்கொண்டு, தெரிந்தபின் விட்டால் அடுத்தது எப்போதோ என்று விடாமல் நின்றார்கள். கல்யாண நாள் பார்க்கிறவர் ராகுகாலம், எமகண்டம், புதுப்பிப்பு மூன்றையும் தள்ளி நேரம் குறித்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தால் அது தூக்குவது, தோளில் போட்டால் அது சுமப்பது, மடியில் கிடத்தினால் அது கிடத்துவது என்று கருவியும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. பெருநாள் அன்று தொழுகை முடிந்து மைதீன் பிச்சை மைதானத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர, பலகை திரும்பியிருக்க, பெருநாளுக்கு மூன்று தடவை தழுவுகிற வழக்கம் தெரிந்து காலனி முழுதும் அவர் வாசலில் வரிசை கட்டியது. “யா அல்லா, பிரியாணிக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லியே” என்று அவர் தோள்வலியோடு சிரித்தார். பகல் நேரத்தில் சில வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இதிலெல்லாம் சேராமல் நின்றவர் பூவரசன் ஒருவர்தான். மகளுக்குப் பின்லாந்தில் கப்பல் கட்டுகிற நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. போனால் நாலைந்து வருஷம் வரமாட்டாள். அவள் நடைபழகிய பிறகு அவர் அவளைத் தொட்டதெல்லாம் காய்ச்சல் பார்க்க நெற்றியில் கைவைத்ததுதான். போவதற்குள் ஒரு தடவை, பிழையில்லாமல், முறையாக அணைத்து அனுப்ப வேண்டும். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே, எவ்வளவு நேரம், அப்போது என்ன சொல்ல வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அதனால் பலகை திரும்பும்போதெல்லாம் அவர் கொல்லைப்புறம் போய்த் தென்னைமரத்தை அணைத்துப் பழகினார்.

ராஜாத்தி ஒருநாள் பார்த்துவிட்டாள். “தேங்கா பறிக்கவா?”

“பயிற்சி மேற்கொள்கிறேன்.”

“எதுக்கு?”

அவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். “ஏங்க, அவ அங்கன உள்ளதான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கா. மரம் எங்க, பின்லாந்துக்கா போகுது?”

“இன்னும் கைவரவில்லை, ராஜாத்தி. அடுத்த இடைவெளியில் பார்ப்போம்.”

அடுத்த இடைவெளி என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே இடைவெளிகள் சுருங்கின. வாரத்துக்கொன்றாக வந்த புதுப்பிப்பு இரண்டு நாளைக்கொன்றாகி, தினம் ஒன்றாகி, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. பலகையைத் திருப்பித் திருப்பி ஆணி தளர்ந்தது. பால் பொங்குகிற நேரம், பல் தேய்க்கிற நேரம் என்று காலனி கிடைத்ததில் அணைத்துக்கொண்டது. இளவெயினி புறப்படும் நாள் வந்தபோது, காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும் நீலத்திரை விடவே இல்லை. சாயங்காலம் சென்னை ரயில். வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள்.

அப்போது மணிச்சத்தம் கேட்டது.

மறுபடி விடுமுறைக்கு வந்திருந்த முத்துக்குட்டி பாய்ந்து பலகையைத் திருப்பினான். காலனி முழுதும் டாக்ஸியைச் சுற்றி நின்றது. எல்லாருடைய கண்ணும் பூவரசனைப் பார்த்தது. பூவரசன் துண்டைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், தென்னைமரத்தை நினைத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். வைத்தவருக்கு, வீட்டுக்கு வந்து நிற்கிறவர்களை முன்னால் வைத்துக்கொண்டு தான் முந்துவது எப்படி என்று தோன்றியது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது வீட்டுக்காரர் முதல் இலையில் உட்காருவாரா? எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கடைசிப் பந்தியில், மிச்சமிருக்கிற ரசத்தோடு உட்காருவதுதானே நம் வழக்கம்? அந்த நினைப்பில் அவர் கையை நீட்டி, சொர்ணத்தம்மாவைப் பார்த்து, “முதலில் தாங்கள்” என்று சொல்லிவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க மொதல்ல…”

“இல்லை இல்லை, விருந்தினர் முதலில்.”

சொர்ணத்தம்மா அணைத்தாள், அவள் மூக்குத்தி வெய்னியின் தலைமுடியில் மாட்டி, எடுக்க நேரம் ஆயிற்று. தேவசகாயத்தின் மனைவி அணைத்து ஜெபம் பண்ணினாள். மைதீன் பிச்சை வீட்டுப் பெண்கள் ஆளுக்கு மூன்று தடவை. கீரைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். ராஜாத்தி அணைத்து, ‘முட்டையாவது சாப்பிடு, அங்கெல்லாம் ஒண்ணும் பாக்கமாட்டாவ’ என்று காதில் சொன்னாள். பூவரசன் வரிசைக் கடைசியில், இலை எடுக்கிற வரை காத்திருக்கிற வீட்டுக்காரராக, ஒவ்வொருவரையும் “வாருங்கள், வாருங்கள்” என்று முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டாள். அவர் ஓரடி எடுத்துவைத்தார். எல்லா வீட்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் நீலமாயிற்று.

ஒரு சாண். அவ்வளவுதான் இடைவெளி. அவள் பூசியிருந்த பவுடர் வாசனை தெரிந்தது. கைகள் வளைந்தன, மூடவில்லை.

“அய்யோ அண்ணாச்சி” என்றது கூட்டம்.

“சார், கெளம்பணும். ரயில்வே கேட்டை அடைச்சிட்டான்னா அவ்வளவுதான்” என்றார் டாக்ஸிக்காரர்.

பூவரசன் விடவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சொல். “மகளே, உன்னை அரவணைத்து வழியனுப்ப விழைகிறேன்” என்றார். அரவணைத்து என்பதற்குள்ளும் அதே அணை உட்கார்ந்திருந்ததால், இருவருக்கும் நடுவிலிருந்த ஒரு சாண் ஒரு முழமாயிற்று. “தவறு, தவறு. தழுவி” என்றார்; முழம் மறுபடி சாணாயிற்று, அதற்குக் கீழே இறங்கவில்லை. “ஆரத்தழுவி” என்றார். “மார்புறத் தழுவி” என்றார். எழுத்தில் இருக்கிற சொல்லெல்லாம் ஒன்றுக்கொன்று உறவு போலிருக்கிறது. எதைச் சொன்னாலும் கருவிக்குப் புரிந்தது, எதைச் சொன்னாலும் விடவில்லை.

இளவெயினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அப்பா, போதும்ப்பா. மிச்சத்தை எழுதி அனுப்புங்க.” கையைத் தாழ்த்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்ஸிக் கதவைப் பிடித்துத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தாள்.

அந்தக் கால் உள்ளே போனதைப் பார்த்ததும் பூவரசனுக்குப் பெரிய சொல் எதுவும் ஏறிவரவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது வீட்டிலும் வாய்க்காலிலும் பேசிய பேச்சு மட்டும், இத்தனை வருஷமாக எங்கே ஒதுங்கிக் கிடந்ததோ, தானாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

“ஏட்டி வெய்னி! எங்கட்டி போற? அப்பாவுக்கு என்னமோ பண்ணுதுட்டி. வா, வந்து கெட்டிப் புடிச்சிக்கோட்டி.”

ஜன்னல்களில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டே இருந்தது. ஆனால் கெட்டிப் புடிக்க வேண்டாம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, அப்படி ஒரு சொல் இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெய்னி ஓடிவந்தாள். ஓடிவந்தவள் சாணில் நிற்கவில்லை, விரற்கடையில் நிற்கவில்லை, நேராக வந்து அப்பாவின் நெஞ்சில் முட்டினாள். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று அவருக்கு நினைவே இல்லை. தென்னைமரம் திருப்பிப் பிடிப்பதில்லை என்பது மட்டும் அவருக்கு அப்போது தெரிந்தது.

“அப்ப இத்தனை நாளும்…” என்று சொர்ணத்தம்மா மெள்ள ஆரம்பித்தாள், “வாயைத் தொறந்து கேட்டிருந்தாப் போதும்லா?”

அத்தனை பேரும் கிடைத்த நேரத்தில் பாய்ந்து அணைத்தவர்கள்தான். கெட்டிப் புடிச்சிக்கோ என்று வாய்விட்டுக் கேட்கிற கூச்சத்தை ஒருவரும் தாண்டியிருக்கவில்லை.

டாக்ஸி ஹாரன் அடித்தது. வெய்னி போனாள், அவள் கன்னத்தில் அப்பாவின் சட்டைப் பொத்தான் வட்டமாகப் பதிந்திருந்தது. வண்டி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திரும்புகிறவரைக்கும் பூவரசன் கைகளை வளைத்தபடியே நின்றார்.

“கையை மடக்குங்க. வழியில போறவன் குடத்தைக் கொண்டாந்து வச்சிரப் போறான்” என்றாள் ராஜாத்தி. சொன்னவளுக்கும் குரல் நேராக இல்லை.

அவர் கையை மடக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்து, காலனி முழுதும் கேட்க, “ஏட்டி ராசாத்தி” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ராஜாத்தி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசகாயம் பெரிதாகச் செருமினார். மைதீன் பிச்சை பலகையின் ஆணியைச் சோதித்தார். சொர்ணத்தம்மா மகன் தோளில் ஒரு அடி போட்டு உள்ளே தள்ளினாள். ஒரு நிமிஷத்துக்குள் வாசலில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள் போய், நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தப் புதுப்பிப்பில் அப்படி என்னதான் புதிதாக வந்திருக்கிறது என்று முதன்முதலாக மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.